முந்தி வந்தோரும் பிந்தி வந்தோரும்

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் ஓர் எல்லைத் தகராறு எழும்போதெல்லாம் பேச்சு வெகு சீக்கிரம் தொன்மைக்குப் போய்விடுகிறது. தமிழர் தம் கோயிலின் வயதைச் சொல்கிறார்கள். முஸ்லிம்கள் பள்ளிவாசலின் வயதையும் ஸியாரங்களையும் குடி வழியையும் எடுத்துவைக்கிறார்கள். பௌத்த துறவிகள் தீகவாபித் தூபியைக் காட்டி, அது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது என்கிறார்கள். மூன்று தரப்பும் தமக்குள் எவ்வளவு மோதிக்கொண்டாலும் ஒரு விடயத்தில் உடன்பட்டே பேசுகின்றன. யார் முந்தி வந்தார்களோ அவர்களுக்கே ஊர் சொந்தம். பிந்தி வந்தவர் அவர்கள் விட்ட இடத்தில் இருந்துகொள்ள வேண்டும். இந்த உடன்பாட்டைத்தான் இங்கே ஒரு மார்க்கக் கேள்வியாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஓரிடத்துக்கு முந்தி வந்திருப்பது, பிந்தி வந்தவரைத் தடுக்கவோ தாழ்த்தவோ ஒரு சமூகத்துக்கு உரிமை தருமா? தராது என்பது என் முடிவு. காடு வெட்டிக் காணி திருத்தியவனுக்கு அந்தக் காணியில் உரிமை உண்டு, வீடு கட்டியவனுக்கு வீட்டில் உரிமை உண்டு. ஆனால் ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாக விருந்தாளி நிலையில் வைத்திருக்கும் உரிமை இஸ்லாத்தில் இல்லை. இதை முஸ்லிம்களே முதலில் சொல்ல வேண்டும் என்றும் கருதுகிறேன். அந்த அளவுகோலால் நன்றாக அடிபட்டவர்கள் நாம். இன்று சில ஊர்களில் அதே அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர்களும் நாம்.

அடிபட்ட கதை நூறாண்டுக்கு மேற்பட்டது. 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் என்று அழைக்கப்பட்ட இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே, மதம் மட்டும்தான் வேறு என்பது அதன் சாரம். சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி கிளம்பியிருந்த காலம் அது. மறுவருடமே அந்த ஆசனம் கிடைத்துவிட்டது. ஆனாலும் வாதம் ஓயவில்லை. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு, சோனகரின் வேரை அறபு வணிகரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. தனிச் சமூகமாக மதிக்கப்பட வேண்டுமானால் தனி வம்சம் காட்ட வேண்டும் என்பது அன்றைய ஆட்சியாளர் வகுத்த விதி. அந்த விதிக்குள் நின்று அவர் வாதாடினார், அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் எட்டு வருடங்களில் 1915 சிங்கள முஸ்லிம் கலவரம் வந்தது. சிங்கள பௌத்தத் தலைவர் அநகாரிக தர்மபால முஸ்லிம்களை இந்த மண்ணுக்கு அந்நியர் என்று எழுதினார். தனித்துவத்துக்குச் சான்றாகக் கொண்டுவந்த அறபு வேரே அந்நியத்துக்கும் சான்றாகிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த சம்மாங்காரர்தான் பிரச்சினை, நாங்கள் வேறு என்று இலங்கைச் சோனகர் பிரித்துக் காட்டியதும் அன்று அவர்களைக் காப்பாற்றவில்லை. அன்றிலிருந்து நம் எழுத்தாளர்கள் இரண்டு நிலைகளுக்கு இடையே அலைகிறார்கள். தமிழர் நம்மைத் தமக்குள் அடக்க வரும்போது அறபுப் பாட்டனைக் கூப்பிடுகிறோம். சிங்களத் தேசியவாதி அறேபியாவுக்குப் போ என்னும்போது உள்ளூர்ப் பாட்டியைக் கூப்பிடுகிறோம். இருவரும் நம் மூதாதையர்தான். நம் உரிமைக்குச் சாட்சி சொல்லும் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றியதுதான் பிழை.

இந்தக் கரையின் வரலாறு ஒருவரையும் முதலாமவராக இருக்க விடுவதில்லை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியிருத்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய அம்பாறைக் கரையும் அன்று மட்டக்களப்போடு சேர்ந்ததே. அவர்களுக்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் இருந்தார்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்களான பட்டாணியர் முக்குவர் பக்கம் நின்றதும், முக்குவப் பெண்களை மணந்து இங்கேயே தங்கியதும் இரு சமூகத்தாரும் சொல்லும் கதை. அந்த முக்குவரும் வேறு கரையிலிருந்து வந்தவர்கள் என்றே மரபு சொல்கிறது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வகையான தாய்வழிக் குடிமுறையைப் பேணுவதை விரிவாகப் பதிவு செய்தார். கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர் இருப்பதுபோலப் பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர். இரு சமூகத்திலும் வீடு பெண்ணுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிவருகிறான். அதாவது இந்தக் கரையில் குடும்பத் தலைவன் என்று நாம் மதிக்கும் ஆண், அந்த வீட்டுக்குப் பிந்தி வந்தவன். அவன் எத்தனை வருடம் இருந்தான் என்று எண்ணி யாரும் அவனுக்கு மரியாதை அளப்பதில்லை. வந்தவனுக்கு இடம் கொடுத்து, அவனைப் பொறுப்புள்ளவனாக்கி வாழும் ஒழுங்கு வேறெங்கிருந்தும் நமக்கு வர வேண்டியதில்லை. வீட்டுக்குள் இருக்கும் அந்த ஒழுங்கு ஊர் எல்லைக்கு வந்ததும் ஏன் மறந்துபோகிறது என்பதே விளங்கவில்லை.

விருந்தாளியாக இருப்பதில் என்ன கெடுதி, நன்றாகத்தானே கவனிக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். விருந்தாளியின் பாதுகாப்பு வீட்டுக்காரனின் மனநிலையில் தொங்குகிறது. அவன் முகம் சுளிக்கும் நாளில் விருந்தாளியிடம் காட்ட ஒரு கடதாசியும் இராது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை அப்படித்தான் நடத்தியது. அவர்களின் பாட்டனார் காலத்து உழைப்பில் நாடு வருமானம் கண்டிருந்தது. ஆனால் பிறப்பைத் தலைமுறைக் கணக்கில் நிரூபிக்கச் சொன்னபோது பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் மனிதரைப் பங்கிட்டன. இந்தச் சிந்தனையின் இன்னொரு வடிவத்தை 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறை நகரம் கண்டது. முஸ்லிம் கடையொன்றின் உணவில் மலட்டு மருந்து கலந்திருந்தது என்ற வதந்தியில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. பிந்தி வந்தவர்கள் பெருகி நம்மை விழுங்குவார்கள் என்ற பயம் ஏற்கெனவே ஊறிக் கிடந்ததால்தான் மாக்கட்டி மருந்தாகத் தெரிந்தது. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி ஜனாஸாக்களை எரித்தபோது, உலக சுகாதார நிறுவனம் நல்லடக்கத்தையும் அனுமதித்திருந்தது. அந்த அனுமதி 2021 பெப்ரவரியில்தான் இங்கு கிடைத்தது. அமைச்சரவையின் மன்னிப்பு 2024 ஜூலையில் வந்தது. அனுமதி கிடைக்கும்வரையான மாதங்களில் ஒரு சமூகம் தன் மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கும் உரிமைக்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் வருடக் கணக்கு நபியவர்கள் பிறந்த நாளிலிருந்தோ முதல் வஹீ வந்த நாளிலிருந்தோ தொடங்கவில்லை. ஓர் இடப்பெயர்விலிருந்து தொடங்குகிறது. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகள் ஏற்றுக்கொண்ட விதத்தைக் குர்ஆன் 59ஆம் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் புகழ்கிறது. நம் ஜும்ஆ உரைகளில் இது அடிக்கடி வருகிறது, ஆனால் தருமம் கொடுத்த கதையாகச் சுருங்கி வருகிறது. அன்ஸாரியான ஸஅத் இப்னு ரபீஉ தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தை எங்கே என்று கேட்டார். வந்தவர் கேட்டது சந்தைக்குள் நுழையும் வழி. இதைவிடவும் நான் முக்கியமாகக் கருதுவது, நாம் அதிகம் பேசாத இன்னொரு சம்பவம். பனூ முஸ்தலிக் பயணத்தில் ஒரு நீர்நிலையருகே முஹாஜிர் தரப்பு ஆள் ஒருவருக்கும் அன்ஸாரித் தரப்பு ஆள் ஒருவருக்கும் சண்டை மூண்டது. ஒருவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார், மற்றவர் அன்ஸாரிகளை. இது ஜாஹிலிய்யாக் காலத்து அழைப்பு என்று நபியவர்கள் கண்டித்தார்கள். மதீனாக்காரனான அப்துல்லாஹ் இப்னு உபை அந்தத் தருணத்தைப் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் மதிப்புள்ளவர்கள் மதிப்பற்றவர்களை வெளியேற்றிவிடுவார்கள் என்றான். 63ஆம் அத்தியாயம் அந்தப் பேச்சை நயவஞ்சகத்தின் அடையாளமாகவே பதிவு செய்கிறது. ஊர்க்காரனுக்கு வந்தேறியை வெளியேற்ற உரிமை உண்டு என்ற வாதம் மதீனாவிலேயே எழுந்தது, வஹீயே அதற்கு மறுப்புச் சொன்னது. முஸ்லிம் ஒருவர் அந்த வாதத்தைக் கையில் எடுக்கும்போது எந்த அணியில் போய் நிற்கிறார் என்பதை யோசிக்க வேண்டும்.

அது முஸ்லிமுக்கும் முஸ்லிமுக்கும் இடையிலான சகோதரத்துவம், பிற மதத்தாருக்கு அதை நீட்ட முடியாது என்ற மறுப்பு உண்டு. மதீனாப் பயணத்துக்குச் சில வருடங்கள் முன்பு நடந்த அபிசீனியப் பயணத்தை இதற்கு மறுமொழியாக வைக்கிறேன். குறைஷிகளின் கொடுமை தாங்காமல் போன முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி ஒரு கிறிஸ்தவ மன்னர். குறைஷித் தூதர்கள் பரிசுப் பொருட்களுடன் வந்து அவர்களைத் திருப்பிக் கேட்டபோது, முஸ்லிம்கள் சார்பில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் பேசியதைக் கேட்டு அவர் மறுத்துவிட்டார். ஒரு கிறிஸ்தவர் நமக்குச் செய்ததை நீதி என்று ஏற்றுக்கொண்டு போற்றுகிற சமூகம், தான் செய்ய வேண்டிய இடத்தில் எதிரே நிற்பவரின் மதத்தைக் கேட்க முடியாது. முஸ்லிம் நாடுகளே இப்படி நடப்பதில்லையே என்று வளைகுடாவைக் காட்டுவோர் சொல்வது மெய். கபீல் எனப்படும் அனுசரணையாளர் ஒருவரின் விருப்பத்தில் தொழிலாளியின் விசாவும் சம்பளமும் தொங்கும் ஏற்பாட்டை நம் பிள்ளைகள் சவூதியிலும் குவைத்திலும் கண்டிருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் பழகினாலும் அங்கே அவர்கள் ஊர்க்காரராக முடியாது. அந்த ஏற்பாடு எண்ணெய்க் காலத்து அரசுகளின் தொழிற்சட்டம். அதற்கு மார்க்கத்தின் முத்திரை குத்தத் தேவையில்லை. அதைப் பார்த்து இங்கே நடந்துகொள்ளவும் தேவையில்லை.

இதைவிட வலுவான மறுப்பு பிக்ஹிலிருந்து வருகிறது. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது சொந்தம் என்ற ஹதீஸ் முந்தி வந்ததற்கு மதிப்புத் தருகிறதல்லவா? தருகிறது. ஆனால் எதற்குத் தருகிறது என்று கவனிக்க வேண்டும். உழைத்த கைக்கு, உழைத்த துண்டுக்கு. சம்மாந்துறையில் ஒருவரின் பாட்டனார் திருத்திய வயல்காணி அந்தப் பாட்டனாரின் வாரிசுகளுக்கு உரியது; அதிலிருந்து மொத்தப் பற்றும் மொத்தச் சமூகத்துக்கு உரியது என்ற முடிவு வராது. அதே ஹதீஸ் தொகுப்புகளில் தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மனிதர் பங்காளிகள் என்றும் வருகிறது, மிஞ்சிய நீரைத் தடுக்கக் கூடாது என்றும் வருகிறது. பூமியில் எந்த இடத்திலும் ஆதியில் எவருக்கும் மற்றவரைவிட அதிக உரிமை இல்லை என்று 1795இல் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ற் எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் சட்ட மரபு தனிச் சொத்தையும் பொது வளத்தையும் பிரித்து வைத்துவிட்டது.

அப்படியானால் குடியேற்றத் திட்டங்களை எதிர்த்ததும் தவறா? இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது, ஏனென்றால் இங்கே உண்மையான இழப்பு இருக்கிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் சிங்கள விவசாயிகள் கொண்டுவரப்பட்டார்கள். 1956 ஜூனில் அங்கே தமிழர் கொல்லப்பட்டார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1963 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் நூற்றுக்கு 46 பேர் முஸ்லிம்கள், 29 பேர் சிங்களவர், 23 பேர் தமிழர். 2012இல் அது 43, 39, 17 என்று மாறியிருந்தது. இதில் அநீதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அநீதி எங்கே இருக்கிறது? கேகாலையில் காணியற்றிருந்த ஓர் ஏழை பிழைப்புத் தேடி வந்ததில் இல்லை. அரசு காணியை இனம் பார்த்துக் கொடுத்ததிலும், எல்லைகளைத் தேர்தல் கணக்கோடு வரைந்ததிலும், ஏற்கெனவே இருந்தவர்களிடம் கேட்காமலே அவர்களின் பலத்தைக் குறைத்ததிலும் இருக்கிறது. இரண்டையும் குழப்பினால் அரசிடம் கேட்க வேண்டிய கணக்கை ஒரு விவசாயியின் பிள்ளையிடம் கேட்போம். அந்த விவசாயிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் சான்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் அமைப்புகளை உருவாக்கின. வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களவர். வால்பகுதியில் தமிழ் பேசுவோரும் இருந்தார்கள். தண்ணீர் குறைந்த நாட்களிலும் மேலே இருந்தவர்கள் முறை வைத்துக் கீழே நீர் விட்டதை கோர்னெலின் நோர்மன் அப்ஹொஃப் பதிவு செய்திருக்கிறார். அங்கே யார் முந்தி என்று யாரும் கேட்கவில்லை. பயிர் எங்கே காய்கிறது என்று பார்த்தார்கள்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்ற பயமும் வெறும் கற்பனையென்று தள்ளத்தக்கதல்ல. அன்ஸாரிகளையே பாருங்கள்: இடம் கொடுத்தார்கள், நபியவர்களின் மறைவுக்குப் பின் தலைமை வந்தவர்களான குறைஷிகளிடம் போயிற்று. நம் நாட்டிலும் சான்று உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்தார்கள். சோறாக்கிக் கொடுத்தார்கள். ஒரே மதம், ஒரே மொழி. ஆனாலும் சில வருடங்களில் கூலி வேலை, பாடசாலை அனுமதி, குடிநீர், அரச ஒதுக்கீடு ஆகியவற்றில் முரண்பாடு வந்தது. வந்தவர்களுக்கு அகதி என்ற பெயர் பிள்ளைகள் பிறந்த பின்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பயத்துக்குக் கதவடைப்பு மருந்தாகாது என்பதைப் புத்தளமே காட்டுகிறது. அங்கே குறைந்தது விருந்தோம்பல் அல்ல. வந்தவர்களின் எண்ணிக்கைக்கேற்ற பாடசாலையும் வைத்தியசாலையும் தண்ணீரும் அரசிடமிருந்து வரவில்லை. அன்பை நம்பி விட்டுவிட்ட இடத்தில் எழுத்தில் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது.

கடைசி மறுப்பு உணர்ச்சியிலிருந்து வருவது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்களே, அதன் பிறகும் நாம்தான் முதலில் இறங்கிப்போக வேண்டுமா? அந்த இரத்தத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது என்று உயிர்தப்பியோர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். காத்தான்குடியை வருடா வருடம் நினைவுகூரும் நம் ஊர்களில் வீரமுனை பேசப்படுவதில்லை. குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 8ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மீதான பகை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று கட்டளையிடுகிறது. பகை இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அது நீதியைக் கேட்கிறது. எதிராளி முதலில் நீதி செய்தால் நானும் செய்வேன் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

இவற்றைக் கல்முனைக்குக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். 1980களின் இறுதியிலிருந்து உப செயலகமாக இயங்கிவரும் கல்முனை வடக்கு பிரதேச செயலகத்தை முழு அதிகாரத்துடன் தரமுயர்த்த வேண்டும் என்பது தமிழரின் கோரிக்கை. 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள், எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் சந்தேகம் கவிந்திருந்த நாட்கள் அவை. முஸ்லிம்களைப் பகைத்தவர்கள் தமிழர் மேடையில் வந்து ஏறியது நம் அச்சத்தைக் கூட்டியது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதற்காகக் கோரிக்கை அநியாயமாகிவிடாது. மாநகரத்தில் சிறுபான்மையாக இருப்பவர்கள் தம் மொழியும் வழக்கமும் அறிந்த, தமக்குப் பதில் சொல்லும் ஓர் அலுவலகத்தைக் கேட்கிறார்கள். நாட்டளவில் முஸ்லிம்கள் கேட்பதும் இதுதான். அதே மாநகரத்தின் சாய்ந்தமருது முஸ்லிம்கள் தனி உள்ளூராட்சி மன்றம் கேட்பதும் இதுதான். 2020 பெப்ரவரியில் அவர்களுக்கு வர்த்தமானி வெளியாகிச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. சாய்ந்தமருது பிரிந்தால் எஞ்சிய மாநகரில் நம் பெரும்பான்மை போய்விடும் என்று கல்முனைக்குடியில் பேசிய பேச்சும், அம்பாறையில் நம்மைப் பற்றிப் பேசப்படும் பேச்சும் ஒரே கணக்கில் பிறந்தவை.

முஸ்லிம்களின் நியாயமான கவலை கடைத்தெருவைப் பற்றியது. கல்முனை நகரத்தின் முஸ்லிம் கடைகளில் பெரும்பகுதி வடக்குப் பிரிவு கோரும் எல்லைக்குள் வருகிறது. வருமானமும் காணி அதிகாரமும் கைமாறிவிடும் என்று வணிகர் அஞ்சுகிறார்கள். இது தீர்க்கக்கூடிய கவலை, அதைத் தொன்மையோடு முடிச்சுப் போடாதவரை. எல்லை பற்றிப் பேச உட்காரும் நாளில் முஸ்லிம் தரப்பு பழைய செப்பேடுகளையும் பரம்பரைக் கதைகளையும் விட்டுவிட்டு, வரி வருமானக் கணக்கையும் வயல்காணிப் பதிவுகளையும் கிராம சேவகர் பிரிவு வாரியான குடித்தொகையையும் கொண்டுபோக வேண்டும். வடக்குப் பிரிவுக்குள் அமையப்போகும் முஸ்லிம் கடைக்காரருக்கும் தெற்கில் எஞ்சப்போகும் தமிழ்க் குடும்பத்துக்கும் காணி, அனுமதிப்பத்திரம், நிவாரணம் ஆகிய மூன்றிலும் ஒரே உத்தரவாதத்தை எழுத்தில் கேட்க வேண்டும். செயலகத்தின் தரமுயர்வுக்கு அந்த உத்தரவாதத்தையே ஒரே நிபந்தனையாக வைத்து, அது கிடைத்ததும் எதிர்ப்பைக் கைவிட வேண்டும்.